சனிக்கிழமை பாட்டில்

மார்ச் 4, திங்கள்

வாரத்துக்கான ஆறு பாட்டிலும் ஒன்றாக வந்துவிட்டன. தேவசிகாமணியின் சாயச்சாலை டிரைவர் அட்டைப்பெட்டியோடு ஆய்வறை மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் கிழமையும் தேதியும் எழுதியிருக்கிறது, திங்கள் முதல் சனி வரை.

பதினைந்தாம் தேதி சென்னையிலிருந்து ஒரு குழு எங்கள் கூட்டுத் தொட்டியைப் பார்க்க வருகிறது. அதுவரைக்குமாவது நடப்பதையெல்லாம் எழுதி வை, கேட்டால் சொல்லத் தோதாக இருக்கும் என்று வீட்டில் இவர் சொன்னார். டைரி கம்பி ஆலை மருதாசலம் பொங்கலுக்குக் கொடுத்தது. இரண்டு மாதம் காய்கறிக் கூடைக்கு அடியில் கிடந்தது.

வருகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது இதுதான். எங்கள் ஊஞ்சக்காட்டுப்புதூர் தொழிற்பேட்டையில் சாயச்சாலைத் தண்ணீர் முழுக்கக் காரம். கம்பி ஆலையில் துரு எடுத்த பிறகு மிஞ்சுவது இரும்பு கரைந்த ஆசிட். முன்பெல்லாம் இரண்டும் தனித்தனிக் குழாயில் போய்ப் பின்னாலிருக்கும் ஓடைப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தன. ஒருவர் கழிவு இன்னொருவருக்கு மருந்து என்று இந்த இரண்டு முதலாளிகளுக்கும் புரியவைக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. ஒருவர் வாசலில் இன்னொருவர் வண்டி நிறுத்தினால்கூட போலீசுக்குப் போகிற ஆட்கள். இப்போது இருவர் கழிவும் ஒரே தொட்டியில் கலக்கிறது. ஆசிட் காரத்தை முறிக்கிறது, அதிலிருக்கும் இரும்பு சாயத்தை இழுத்துக்கொண்டு அடியில் படிகிறது. அந்த மண்டியைக் காயவைத்து ஹாலோ பிளாக் போடுகிறவர் எடுத்துப் போகிறார். பள்ளத்துக்கு ஒரு சொட்டுப் போவதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைக்கத் தெரியவில்லை.

பாட்டில் விஷயம் மட்டும் அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. முறைப்படி தினமும் காலையில் அன்றைய சாயத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து அனுப்ப வேண்டும். நான் சோதித்துச் சரி என்ற பிறகுதான் தொட்டி ஆபரேட்டர் அங்கண்ணன் வால்வைத் திறப்பார். தீபாவளி சமயத்தில் கொண்டுவர ஆளில்லை என்று தினம் ஒரு சண்டை. "ஒரே சாயம், ஒரே உப்பு. தெனமும் அதே தண்ணிதானுங்க மேடம். ஆறையும் திங்கக்கெழமயே குடுத்துடறனே" என்றார் தேவசிகாமணி. நான் சரி என்றேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தகராறு இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

செவ்வாய் பாட்டில் சரி. மிக்சி கருகிவிட்டது. சட்னிக்கு அம்மியைத் தேடினால் அதன்மேல் இவர் இன்வெர்ட்டரை வைத்திருக்கிறார்.

மார்ச் 7, வியாழன்

காலையில் அங்கண்ணன் ஆய்வறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், காலில் மண்டி ஒட்டியிருக்கும் என்பார். ஐம்பத்திரண்டு வயது. பள்ளத்தோரம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. கிணறு சிவப்பாகிப்போன பிறகு தென்னை ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. "என்ற கெணத்தக் கெடுத்தவிய எடத்துலயே வேல குடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று தொட்டி கட்டிய வருடம் வந்து கேட்டவர். தொட்டியை அவரைப்போல அறிந்தவர் யாரும் இல்லை, என்னையும் சேர்த்து.

"அம்மிணி, தண்ணி வேற மாதிரி இருக்குதுங்க. போன வாரம் வரைக்கும் செவப்பா வந்துது. இப்ப கரிக்கட்டையாட்டம் வருது. வாசமும் அடிக்குது."

"என்ன வாசம்?"

"கூமுட்டை வாசமுங்க."

தேவசிகாமணிக்குப் போன் செய்தேன். "நேவி புளூ ஓடுதுங்க மேடம். அது கலந்தா கறுப்பாத்தான் தெரியும். வேறெதுன்னா சொல்ல மாட்டனுங்களா?" என்றார். நிறம் அல்ல, சாயத்தின் வகையே மாறினால் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தத்தில் முதல் வரி.

வியாழன் பாட்டிலைச் சோதித்தேன். காரம் சரியான அளவு. ஈய உப்புத் தடவிய சோதனைக் காகிதத்தை நனைத்தேன், வெள்ளையாகவே இருந்தது. தண்ணீரில் சல்பைடு இருந்தால் அந்தக் காகிதம் கறுக்கும். கறுக்கவில்லை. அங்கண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். காகிதத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், "இது செவப்பா இருக்குதுங்களே" என்றார். வால்வைத் திறக்கச் சொன்னேன்.

தொட்டித் தண்ணீரிலும் ஒரு காகிதத்தை நனைத்துப் பார்த்திருக்கலாம். டப்பாவில் இருபதுதான் மிச்சம். புதியது வர இரண்டு வாரம் ஆகும், குழு வரும்போது காட்டவும் வேண்டும்.

மார்ச் 9, சனி

மருதாசலம் வந்திருந்தார். அவருடைய ஆசிட் தொட்டி நிரம்பிவிட்டதாம், இரண்டு லோடு சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். குழு வரும் அன்றைக்கு எந்தச் சட்டை போடுவது என்று என்னிடமே கேட்டார். எழுபது வயது ஆள். "ஏங்கண்ணு, போட்டோவெல்லாம் எடுப்பாங்களா?" வெள்ளைச் சட்டை போடுங்கள், ஆசிட் பட்டால் தெரியாது என்றேன். சிரித்துவிட்டுப் போகும்போது எங்கள் ப்ளோயரையும் வண்டியில் ஏற்றிப் போனார். ஆள் இறங்கும் முன் தொட்டிக் குழிக்குள் நல்ல காற்று ஊதுகிற இயந்திரம் அது. இரண்டு ஆலைக்கும் பொதுவாக ஒன்றுதான் வாங்கியிருக்கிறோம், அதுவும் என் யோசனைதான். அவருடைய ஆசிட் தொட்டியைக் கழுவ வேண்டுமாம், செவ்வாய் மத்தியானம் தருகிறேன் என்றார்.

வாசம் இன்று ஆய்வறை வரைக்கும் வந்தது. ஊதுபத்தி ஏற்றினேன்.

மார்ச் 11, திங்கள்

அடுத்த ஆறு பாட்டில் வந்தன. 11 முதல் 16 வரை.

ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டியிருக்கிறார்கள், பத்து நாள் திருவிழா. அங்கண்ணன் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் வந்தார். ஆசிட் இருக்கிற இடத்தில் வெறுங்காலா என்று சத்தம் போட்டதும் கம்பூட்ஸை மட்டும் மாட்டிக்கொண்டார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றார். பீடியைக்கூட நிறுத்திவிட்டாராம். பத்து நாளும் ஒரு பொழுதுதான் சாப்பாடு. பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கப்போகிறார், மகளுக்கு வரன் அமைய வேண்டுமென்று நேர்ந்திருக்கிறார்.

சாயங்காலம் பம்பு இழுக்கவில்லை. தொட்டியை ஒட்டிய பம்புக் குழிக்கு அடியில், உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் ஃபுட் வால்வில் மண்டி அடைத்திருக்க வேண்டும். யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். பம்பு ஓடாவிட்டால் தொட்டி நிற்கும். வெள்ளிக்கிழமை குழு.

மார்ச் 12, செவ்வாய்

அங்கண்ணன் இறந்துவிட்டார். காலை பத்தேகால். குழிக்குள்.

மார்ச் 13, புதன்

பெரியாஸ்பத்திரியில் பிணக்கிடங்கு வாசலில் மூன்று மணி வரை நின்றோம். கையில் காப்பு அப்படியே இருந்தது. அதை அவிழ்க்கலாமா கூடாதா என்று உறவினர்களுக்குள் பேச்சு. காப்புக் கட்டினவர் இடையில் செத்துப்போனால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

பால் வாங்கவில்லை. இவர் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 14, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

செவ்வாய் காலை ஒன்பதரைக்கு அங்கண்ணன் குழியின் மூடியைத் திறந்து வைத்தார். பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தார். நான் குழுவுக்கான வரைபடத்தைச் சரிபார்க்கத் தட்டச்சுக் கடையில் இருந்தேன். எச்சரிக்கையாக இருக்கும்படி சொன்னேன். பிறகு அவர் ஏணி வழியாக இறங்கினார். பத்தேகாலுக்கு வாட்ச்மேன் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், குரல் இல்லை. எட்டித்தான் பார்த்தார். இறங்காததால் அவர் பிழைத்தார். தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிடம்.

அவ்வளவுதான்.

இன்று மதியம் மருதாசலத்தின் அலுவலகத்தில் கூட்டம். இந்த இரண்டு முதலாளிகளும் ஒரு குழாய் எந்தப் பக்கம் போவது என்பதற்கே எட்டு மாதம் பேசியவர்கள். இன்று பத்தே நிமிடத்தில் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள். வக்கீல் கொண்டுவந்த தாளில் இப்படி இருக்கிறது: தொழிலாளி யாரிடமும் அனுமதி பெறாமல், முகமூடி இல்லாமல், மது அருந்திய நிலையில் குழிக்குள் இறங்கியதாகத் தெரிகிறது. தொட்டிக்கு வந்த நீர் அன்று காலை முறைப்படி சோதிக்கப்பட்டு, பாதுகாப்பானது எனக் கண்டறியப்பட்டது. அடியில் கெமிஸ்ட் தமயந்தி என்று என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"பாட்டில்ல எல்லாம் சுத்தமாத்தானுங்க இருந்துது மேடம்?" என்று கேட்டார் தேவசிகாமணி. என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

மருதாசலம் நாளைக்குப் போட்டோவுக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டையில் இருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

குழு வரவில்லை. தேதி பிறகு சொல்வார்களாம்.

ஆய்வறைக்குப் போனேன். கூட்டுத் தொட்டிக்கு வெளியே, சாயத் தண்ணீர் மட்டும் வந்து நிற்கிற சிறு தொட்டி ஒன்று இருக்கிறது. ஆசிட் கலப்பதற்கு முந்தைய தண்ணீர் அது. குச்சியில் காகிதத்தைக் கட்டி நனைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்கு முன்பே கறுத்துவிட்டது.

நேவி புளூ இல்லை. சல்பர் பிளாக். விலை மலிவான கறுப்புச் சாயம். அந்தத் தண்ணீர் முழுக்க சல்பைடு. காரமாக இருக்கும்வரை பேசாமல் கிடக்கும், ஆசிட் பட்டால் விஷவாயுவாக எழும்பும். காற்றைவிடக் கனம், குழியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்த பாடம். மருதாசலத்தின் ஆசிட்டை இந்தத் தண்ணீரில் ஊற்றுவதற்குத்தான் நான் நான்கு வருடம் அலைந்து இரண்டு பேரையும் கை குலுக்க வைத்திருக்கிறேன்.

தேவசிகாமணியைப் போனில் பிடித்தேன். முதலில் மறுத்தார். பிறகு அழுவது போலப் பேசினார். "பத்து நாள் ஆர்டருங்க. சொன்னா தண்ணிய நிறுத்தச் சொல்லுவீங்க. தண்ணிய நிறுத்துனா மிசின நிறுத்தோணும். நீங்கதான் பெரிய தொட்டி, எல்லாத்தயும் தாங்கும்னு சொன்னீங்க. சத்தியமா ஆளு சாவும்னு எனக்குத் தெரியாதுங்க."

அவருக்குத் தெரியாது என்பதை நம்புகிறேன். அவர் பி.காம். படித்தவர்.

மார்ச் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். செவ்வாயன்று கட்டியிருந்த புடவையில் இன்னும் அந்த வாசம். மூன்று முறை அலசினேன். இவர் மோந்து பார்த்து, ஒரு வாசமும் இல்லை என்கிறார்.

மார்ச் 18, திங்கள்

அங்கண்ணன் வீட்டுக்குப் போனேன். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. ஊரில் நோம்பி நடக்கிறது, தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. இந்த வீதி மட்டும் அமைதியாக இருந்தது.

அவருடைய மனைவி மாராத்தாள் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். காப்பி வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏனுங்க மேடம், அவரு குடிச்சுப்போட்டு எறங்குனாருன்னு பேட்டை முழுக்கச் சொல்றாங்களாமா. நெசமாங்க?"

நான் சுவரோரம் இருந்த மகளைப் பார்த்தேன்.

"முன்ன குடிச்சிருக்காரு, நான் இல்லீங்கல. ஆனா காப்புக் கட்டுன ஆளு குடிப்பாருங்களா? ஒரு பொழுது சோறு திங்கறவரு. அன்னிக்கிக் காத்தால மஞ்சத்தண்ணி ஊத்திக் குளிச்சுப்போட்டு, என்ற கையால ஒரு டம்ளர் மோர் குடிச்சுப்போட்டுப் போனாருங்க. அது எனக்குத் தெரியும். ஆத்தாளுக்குத் தெரியும். வேற ஆருக்குச் சொல்றது? காப்போட குடிச்சவன் பொண்ணுன்னு சொன்னா இவள ஆரு கட்டுவாங்க?"

பிறகு உள்ளே போய் அவருடைய போனை எடுத்து வந்தார். கடைசியாகப் பேசிய எண்ணைக் காட்டினார். 'அம்மிணி' என்று பதிந்திருந்தது. இரண்டு நிமிடம் பத்து நொடி.

"உங்ககிட்டத்தான் கடைசியாப் பேசியிருக்காரு. என்னங்க சொன்னாரு?"

குழி அடைத்துவிட்டது என்று சொன்னார் என்றேன்.

"அவ்வளவுதானுங்களா?"

அவ்வளவுதான் என்றேன்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

மழை வரும்போலிருக்கிறது, கிளம்புகிறேன் என்றேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மார்ச் 19, செவ்வாய்

ஒரு வாரம்.

நான் சொன்னது இது. இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

அவர் சொன்னார்: "அம்மிணி, மூடியத் தொறந்ததும் கூமுட்டை நாத்தம் மூக்குல அடிச்சுதுங்க. ப்ளோயரு வரட்டுமுங்களா? மத்தியானந்தான் வருமாமா."

நான் சொன்னேன்: "மத்தியானம் வரைக்கும் காத்திருந்தா இன்னிக்கு வேலை ஆகாதே. இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வெச்சுப் பாருங்க."

அவர் போனைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். குரல் குழிக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "இப்ப வாசமே இல்லீங்க. சுத்தமா நின்னுபோச்சு."

நான் சொன்னேன்: "அப்ப நல்லதுதான், எறங்கிப் பாருங்க."

இரண்டாம் வருடப் பாடத்தின் அதே பக்கத்தில் இதுவும் இருக்கிறது. அந்த வாயு குறைவாக இருக்கும்போது நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், வாசம் நின்றுபோகும். நின்றால் ஓட வேண்டும். இதை நான் தொட்டி திறந்த வருடம் அவருக்கே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே சல்பைடு வராது, அதுதான் ஒப்பந்தம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

ஏழாம் தேதி வியாழக்கிழமையே எனக்குச் சந்தேகம். காகிதம் தீர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறேன், மேலே இருக்கிறது. பொய். கறுத்துவிட்டால் தொட்டியை நிறுத்த வேண்டும் என்றுதான் நனைக்கவில்லை. அவர் பாட்டிலைப் பார்த்து இது சிவப்பாக இருக்கிறதே என்றார். ஏழாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் கண்ணாலேயே கண்டுபிடித்தபோது நான் காகிதத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தேன்.

அழுதேன். வேறென்ன செய்வது.

மார்ச் 20, புதன்

ஆய்வறை அலமாரித் தட்டில் நான்கு பாட்டில்கள் இருக்கின்றன. புதன் 13, வியாழன் 14, வெள்ளி 15, சனி 16. செவ்வாய்க்கிழமையே தொட்டி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சாயச்சாலையும் ஓடவில்லை. ஓடாத நாட்களின் தண்ணீர் என் தட்டில் மூடி போட்டு நிற்கிறது. சனிக்கிழமை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அழகான சிவப்பு.

மாலை தேவசிகாமணியின் டிரைவர் வந்தார். காலி அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தார். மிச்ச பாட்டிலை வாங்கிவரச் சொன்னாராம் முதலாளி. கொட்டிவிட்டேன் என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மார்ச் 22, வெள்ளி

மருதாசலம் வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"திங்கக்கெழம விசாரணை அதிகாரி வர்றாரு கண்ணு. நீ என்ன சொல்லப்போறேன்னு கேக்க வரல. சொன்னா என்ன ஆகும்னு மட்டும் சொல்லீட்டுப் போறேன். தொட்டிக்குச் சீல் வெப்பாங்க. ஒரு தடவ வெச்சா எடுக்கமாட்டாங்க. என்ற ஆசிட்டு எங்க போகும்? அவன் தண்ணி எங்க போகும்? திரும்பப் பள்ளத்துக்குத்தான். நான் உடலைன்னாலும் அவன் உடுவான், அவன் உட்டா நானும் உடுவேன், அதையும் இப்பவே சொல்லிப்போடறேன். கீழ நாலு ஊருக் கெணறு. அங்கண்ணன் ஊரும் அதுல ஒண்ணு. செத்தவன் செத்துட்டான். இருக்கறவிய குடிக்கற தண்ணிய நீ பாக்கோணும்."

அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் வேதனை.

"குடிச்சிருந்தார்னு எழுதினது யாரு?" என்று கேட்டேன்.

"வக்கீலு."

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டுட்டேன் கண்ணு" என்றார். ப்ளோயரை அன்றைக்குக் காலையிலேயே அனுப்பியிருக்கலாம், பையன்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்றார். நான் கேட்கவே இல்லை. வாசல் வரை போய்த் திரும்பி அதை இன்னொரு முறை சொன்னார்.

மார்ச் 23, சனி

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனில் நான் சொன்னது உட்பட. கேட்டு முடித்ததும் சொன்னார்:

"சொல்லோணும்னா சொல்லு. கேசு வரும், வேல போகும், பாத்துக்கலாம். ஆனா சொல்லிப்போட்டு வந்து, சொல்லாம இருந்திருக்கலாமோன்னு எங்கிட்டப் பொலம்பாதே."

பிறகு எழுந்து போய் மிக்சியைச் சரி செய்யக் கொடுத்த கடைக்குப் போன் செய்தார். இன்னும் ஆகவில்லையாம்.

மார்ச் 25, திங்கள்

விசாரணை அதிகாரி இளவயதுக்காரர். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். வக்கீலின் தாளை அவர் வாசித்து முடித்து, "மேடம், நீங்க கையெழுத்துப் போடலையே?" என்றார்.

துணிப்பையிலிருந்து நான்கு பாட்டிலையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்னங்க இது?"

"அவங்க சாயத் தண்ணி. பதிமூணாம் தேதியிலிருந்து பதினாறு வரைக்கும்."

"பன்னெண்டாம் தேதியே எல்லாம் நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கே?"

"ஆமா. பதினொண்ணாம் தேதியே என் கைக்கு வந்துருச்சு."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. தேவசிகாமணி தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அதிகாரி சனிக்கிழமை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி முன்கூட்டியே வாங்க யாரு அனுமதிச்சது?"

"நான்."

"வாய்மொழியாவா?"

"ஆமா. தீபாவளியிலிருந்து."

போனில் பேசியதையும் சொன்னேன். என் வாயால் சொல்லும்போது அது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வாசம் நின்னுதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அன்றைக்கும் தெரியுமா என்றார். தெரியும், நினைவுக்குக் கொண்டுவரவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக, அங்கண்ணன் குடித்திருக்கவில்லை, காப்புக் கட்டியிருந்தார் என்றேன். அது வாக்குமூலத்தில் வராது மேடம், பிரேதப் பரிசோதனையின் ரசாயன அறிக்கை வரட்டும் என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 28, வியாழன்

தொட்டிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தேவசிகாமணிமீதும் என்மீதும் வழக்கு. வேலை போய்விட்டது. ரசாயன அறிக்கையில் மது இல்லை என்று வந்திருக்கிறது.

மிக்சி வந்துவிட்டது.

ஏப்ரல் 3, புதன்

சாமான்களை எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வறையில் என்னுடையது ஒரு குடையும் சாப்பாட்டுத் தூக்கும்தான். வாசலில் மாராத்தாள் நின்றிருந்தார். காப்புக் கட்டும் முன் அங்கண்ணன் விட்டுவைத்த செருப்பும் ஒரு சட்டையும் தொட்டி ரூமில் இருந்ததாம். வாட்ச்மேன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். செருப்பைத் துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கியிருந்தார்.

நான் போனில் சொன்னது இப்போது அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். காறித் துப்பினால் துடைத்துக்கொள்வதென்று நின்றேன். அவர் துப்பவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இனி என்னை அவர் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"பள்ளத்துல கறுப்பாத் தண்ணி வருதுங்க. முந்தாநாத்துலருந்து" என்றார். "எங்க ஆடு வாய வெக்க மாட்டேங்குது."

நான் திரும்பிப் பின்பக்க வேலியைப் பார்த்தேன்.

"அவரு இருந்திருந்தா மொதல்ல உங்களுக்குத்தான் போன் போட்டிருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னார். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேட்டை ரோட்டில் நடந்து போனார். வெயிலில் அவர் வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆய்வறைக்குள் திரும்பிப் போய், டப்பாவில் மிச்சமிருந்த காகிதங்களையும் ஒரு காலி பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். திருட்டுத்தான். பின்பக்கம் வேலியைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கினேன். வாசம் இருந்தது. வாசம் இருக்கும்வரை பயமில்லை. பாலத்துக்குக் கீழே, இரண்டு குழாய்த் தண்ணீரும் சேருகிற இடத்தில் பாட்டிலை முக்கிப் பிடித்தேன். காகிதம் கறுத்தது. அதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

அதிகாரிக்குப் போன் செய்தேன், நாளைக் காலை கொண்டுவரச் சொன்னார். பாட்டில்மேல் மார்க்கரால் தேதி போட்டேன். ஏப்ரல் 3, புதன். இது இன்றைய தண்ணீர், நாளைய தண்ணீருக்கான பாட்டிலை நாளைக்குத்தான் போய்ப் பிடிப்பேன்.